அரை மணி நேரம் கழித்து என்ன வேகம்?

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், ஆவணி முகூர்த்தம் ஒன்றை முடித்துவிட்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பினார். கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்த வீடியோ, போட்டோ, பழைய எடிட்டிங் கோப்புகள் என எல்லாவற்றையும் இரவு 11 மணிக்கு ஒரு கையடக்க ஹார்டு டிஸ்க்கில் காப்பி போட்டார். மொத்தம் 600 ஜிபி. முடிந்தபோது காலை 5.40. ஆறு மணிக்கு அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்ப வேண்டும். தூங்காத எரிச்சலோடு எனக்குப் போன் செய்தார்: “அண்ணே, பெட்டில 5 ஜிபின்னு போட்டிருக்கான். 600-ஐ அஞ்சால வகுத்தா ரெண்டு நிமிஷம். எனக்கு ராத்திரி பூரா போச்சு. டுப்ளிகேட் டிஸ்க்கா இது?”

டுப்ளிகேட் இல்லை. நல்ல கம்பெனி, பில்லோடு வாங்கியது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் எப்படி ஆறே முக்கால் மணி நேரத்தை நெருங்கியது என்று படிப்படியாகப் பின்தொடர்ந்தால், ‘எந்த டிஸ்க் வேகமானது’ என்ற ஒப்பீடுகள் எங்கே சறுக்குகின்றன என்பது தெரிந்துவிடும்.

முதல் சறுக்கல் பள்ளிக்கூடக் கணக்கு. பெட்டியில் இருந்த 5, கிகாபைட் இல்லை, கிகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அப்போதே இரண்டு நிமிடம் பதினாறு நிமிடம் ஆகிவிடுகிறது. இந்த வகை யுஎஸ்பியில் ஒவ்வொரு எட்டு பிட் தகவலையும் பத்து பிட்டாக மாற்றித்தான் கம்பியில் அனுப்புகிறார்கள். அந்தத் தரகு போனால் விநாடிக்கு அதிகபட்சம் 500 மெகாபைட், அதாவது இருபது நிமிடம். இரு முனைகளும் பேசிக்கொள்ளும் செலவையும் கழித்தால் நடைமுறையில் 400 சொச்சம் கையில் நிற்கும். இருபத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

பெயர்க் குழப்பம் வேறு. 2008 நவம்பரில் இந்தத் தரம் வந்தபோது யுஎஸ்பி 3.0. 2013-இல் 3.1 வந்ததும் பழையதற்கு ‘3.1 ஜென் 1’ என்று பெயர் மாற்றினார்கள். 2017-இல் 3.2 வந்ததும் அதே பழைய சரக்கு ‘3.2 ஜென் 1’ ஆனது. ஒரே பிள்ளைக்கு மூன்று முறை பெயர் சூட்டு விழா. வேகம் மூன்று முறையும் அதே 5 கிகாபிட். கடையில் ‘3.0-வா 3.2-வா’ என்று கேட்டு, 3.2-க்கு நூறு இருநூறு கூடக் கொடுத்து வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனாலும் இதெல்லாம் கம்பியின் கதை. தம்பியின் இரவைத் தின்றதில் கம்பிக்குச் சின்னப் பங்குதான்.

கம்பிதான் எல்லாம் என்றிருந்த காலமும் உண்டு. 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 பெயரளவில் 480 மெகாபிட். உண்மையில் விநாடிக்கு 30, 35 மெகாபைட், அதிர்ஷ்டம் இருந்தால் 40. சில ஆண்டுகளில் மடிக்கணினி டிஸ்க்குகளே அதைவிட வேகமாக எழுதத் தொடங்கின. குழாய் குறுகலாக இருந்ததால் டிஸ்க் காத்துக் கிடந்தது. அதனால்தான் அவசரக்காரர்கள் ஃபயர்வயர் 800, ஈ-சாட்டா போர்ட் உள்ள டிஸ்க்குகளைத் தேடிப்போனார்கள். அந்தக் காலத்து ஒப்பீட்டுக் கட்டுரைகளில் எல்லா யுஎஸ்பி டிஸ்க்குகளும் ஒரே மதிப்பெண் வாங்கியிருக்கும். அளக்கப்பட்டது டிஸ்க் இல்லை, குழாய். 3.0 வந்த பிறகு நிலைமை தலைகீழ். குழாய் அகன்றது, டிஸ்க் பின்தங்கியது. அன்றிலிருந்து கையடக்க ஹார்டு டிஸ்க்கின் பெட்டியில் எந்த யுஎஸ்பி எண் இருந்தாலும் அது பேருந்து நிலையத்தின் அகலத்தைச் சொல்லிப் பேருந்தை விற்பது மாதிரி.

சரி, டிஸ்க்கைத் திறந்து பார்ப்போம். கற்பனையில்தான், நிஜத்தில் திறந்தால் தூசி போய் அதன் கதை முடிந்துவிடும்.

உள்ளே 2.5 அங்குலத் தட்டுகள், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: ஐந்தரை மில்லி விநாடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும்: ஏறத்தாழ 12 மில்லி விநாடி. ஆக, ஓர் இடத்திலிருந்து வேறோர் இடத்துக்குத் தாவ 18 மில்லி விநாடி. விநாடிக்கு ஐம்பத்தைந்து தாவல், அவ்வளவே.

தாவாமல் ஒரே சீராக ஓடினால் தட்டின் வெளி விளிம்பில் விநாடிக்கு 120, 130 மெகாபைட் கிடைக்கும். உள்விளிம்புக்குப் போகப் போக அது பாதியாகும். செக்கு மாடு வெளிச்சுற்றில் அதிகத் தூரம் நடக்கும், உள்ளே குறைந்த தூரம் நடக்கும், சுற்று ஒன்றுதான். வெளித் தடத்தில் அதிக பைட்டுகள் கொள்வதால் ஒரு சுற்றில் அதிகம் வாசிக்க முடிகிறது. டிஸ்க் வெளியிலிருந்து உள்ளே நோக்கி நிரம்புவது வழக்கம். எனவே புது டிஸ்க் வாங்கிய அன்று சோதித்தால் வருவது அதன் வாழ்நாளின் மிகச் சிறந்த எண். முக்கால்வாசி நிரம்பிய பிறகு அதே டிஸ்க் 70-ஐத் தாண்டத் திணறும். ஒப்பீட்டுப் பட்டியல் எழுதுகிறவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு காலி டிஸ்க்கைத்தான் சோதிக்கிறார்கள். நாம் அதில் குடியிருப்பது நிரம்பிய பிறகு.

தம்பியின் டிஸ்க்கில் பாதிக்கு மேல் பழைய கல்யாணங்கள். சராசரி 90 என்று வைத்தால் 600 ஜிபிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இன்னும் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கணக்கு உதைக்கிறது.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகத் தோன்றுகிறது. 1956-இல் ஐபிஎம் விற்ற ராமாக் கணினியின் டிஸ்க் பெட்டி, 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதை அடுக்கிய பீரோ. அதில் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். ஓர் இடத்தைத் தேடிப் போக 600 மில்லி விநாடி. இன்று சட்டைப் பையில் போடும் 5 டிபி டிஸ்க்கின் கொள்ளளவு அதைப்போல் 10 லட்சம் மடங்கு. தேடும் நேரமோ ஐம்பது மடங்குதான் குறைந்திருக்கிறது. சுழற்சி இன்னும் மோசம், அன்று 1,200, இன்று 5,400, நாலரை மடங்கு. ராமாக் விநாடிக்கு 8,800 எழுத்துகளைத் தந்தது. தேடும் நேரத்தைத் தள்ளிவிட்டால் மொத்தத்தையும் பத்து நிமிடத்துக்குள் வாசித்து முடிக்கலாம். இன்றைய 5 டிபியை முழுக்க வாசிக்கப் பதினைந்து மணி நேரம் வேண்டும். குளம் கடலாகிவிட்டது, மடை கொஞ்சம்தான் அகன்றிருக்கிறது.

அந்தக் கொள்ளளவுப் பேராசையில்தான் தம்பியின் மீதி நேரம் ஒளிந்திருக்கிறது.

தட்டில் எழுதும் தலை அகலமானது. வாசிக்கும் தலை குறுகலானது. எழுதிய தடத்தில் ஒரு பகுதியை வாசித்தாலே போதும். அப்படியானால் அடுத்த தடத்தை முந்தையதன் மேல் கொஞ்சம் ஏற்றி எழுதினால் என்ன? அதே தட்டில் கூடுதல் தடங்கள் பிடிக்கும். ஓட்டு வீட்டில் ஓடு வேய்வது மாதிரி, ஒன்றன் விளிம்பு மற்றதன் மேல். இதற்கு எஸ்எம்ஆர் என்று பெயர். 2013 வாக்கில் சந்தைக்கு வந்தது. இன்று 1 டிபியைத் தாண்டிய 2.5 அங்குலக் கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

ஓடு மாற்றிப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் உடனே விளங்கும். நடுவில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் உருவ முடியாது. மேலே ஏறியிருக்கும் வரிசைகளை எல்லாம் கழற்றி, மாற்றி, மறுபடி வேய வேண்டும். டிஸ்க்கிலும் அப்படியே. நடுவில் ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் அதைச் சார்ந்த பட்டை முழுவதையும் வாசித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். இதை மறைக்க ஓரமாகச் சாதாரண முறையில் எழுதும் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி வைத்திருப்பார்கள். வருவதை முதலில் அங்கே வாங்கிப் போட்டுக்கொண்டு, நாம் சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க் நிதானமாக ஓடு வேயும். சும்மா இருக்கும் நேரமே கொடுக்காமல் மணிக்கணக்கில் கொட்டினால் ஒதுக்குப்புறம் நிரம்பி, வாங்கவும் வேயவும் ஒரே தலை அல்லாட, வேகம் 20-க்கும் 10-க்கும் சரியும்.

புத்தம்புது டிஸ்க்கில் பெரிய கோப்புகளை வரிசையாக எழுதினால் இந்தக் கோளாறு தலைகாட்டாமலும் போகலாம். வெறும் கூரையில் ஓடு வேய்வதில் என்ன கஷ்டம்? தம்பி பழைய கல்யாணங்களில் சிலதை அழித்துவிட்டு அந்த இடங்களில் புதியதை நிரப்பினார். அழித்த இடம் காலி என்பது விண்டோஸுக்குத் தெரியும், டிஸ்க்குக்குத் தெரியாமல் போகலாம். அது ஒவ்வோர் ஓட்டையும் விலை மதிப்புள்ள ஓடாக நினைத்துக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறது.

பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. இந்த மௌனம் 2020-இல் ஒருமுறை சந்தி சிரித்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை டிஸ்க்குகள், பல டிஸ்க்குகளைக் கோத்து வைக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்காகவே விற்கப்பட்டவை. அவற்றில் சில மாடல்கள் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்எம்ஆருக்கு மாற்றப்பட்டிருந்தது அந்த ஆண்டு ஏப்ரலில் தெரியவந்தது. பழுதான டிஸ்க்கை மாற்றி, தகவலை மீட்டுக் கட்ட முயன்றவர்களுக்கு வேலை முடிவேனா என்றது. அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. நிறுவனம் எந்த மாடல் எந்த ரகம் என்ற பட்டியலை வெளியிட்டு, பழைய முறையில் எழுதும் டிஸ்க்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று பிரித்து வைத்தது. மற்ற நிறுவனங்களும் தங்கள் பட்டியல்களை வெளியிட்டன. கையடக்க டிஸ்க் வாங்குகிறவர்கள் அப்படிச் சத்தம் போட்டதில்லை. அவர்களுக்கு அது ‘ஸ்லோவா இருக்கு’, அவ்வளவுதான். என் கணிப்பில் இந்த ஒரு தகவலை மறைத்துவிட்டுச் செய்யும் எந்த ஹார்டு டிஸ்க் வேக ஒப்பீடும் பாதிப் பொய்.

இன்னொரு தின்னியும் உண்டு, பொடிக் கோப்புகள். எடிட்டிங் மென்பொருள் முன்னோட்டப் படங்கள், ஒலி அலை வரைபடங்கள் என்று ஆயிரக்கணக்கில் உருவாக்கித் தள்ளும். ஒவ்வொன்றுக்கும் தகவலை ஓரிடத்தில் எழுத வேண்டும், பெயரை அட்டவணையில் எழுத வேண்டும், இடக்கணக்கைத் திருத்த வேண்டும். மோசமான நாளில் கோப்புக்கு மூன்று தாவல். 1 லட்சம் பொடிக் கோப்புகளுக்கு 3 லட்சம் தாவல், தாவலுக்கு 18 மில்லி விநாடி: ஒன்றரை மணி நேரம். அத்தனையும் சேர்ந்து 2 ஜிபிகூட இருக்காது. அவற்றை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பியிருந்தால் அரை நிமிட வேலை. தம்பியிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்ப எஸ்எஸ்டி வாங்கிடட்டுமா?”

வாங்கலாம். ஆனால் அங்கேயும் பெட்டி எண்ணை நம்பிப் போகக் கூடாது.

கையடக்க எஸ்எஸ்டிகளில் சாம்சங்கின் வரிசையைப் பார்த்தால் வளர்ச்சி தெரியும். 2015-இல் டி1 விநாடிக்கு 450 மெகாபைட், 2017-இல் டி5 540, 2020-இல் டி7 1,050, 2023-இல் டி9 2,000. ஹார்டு டிஸ்க் நொண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நான்கு மடங்குக்கு மேல். ஆனால் வேகத்தின் உண்மையான வித்தியாசம் இந்தப் பெரிய எண்களில் இல்லை. ஹார்டு டிஸ்க்கின் ஐம்பத்தைந்து தாவல்களுக்கு எதிரே எஸ்எஸ்டி விநாடிக்கு ஆயிரக்கணக்கில் தாவும். அதற்கு நகர வேண்டிய தலையே கிடையாது. பெரிய கோப்பில் எட்டு மடங்கு வேகம் என்றால் பொடிக் கோப்பில் நூறு மடங்கு. டிஸ்க்கிலிருந்தே நேரடியாக எடிட் செய்கிறவருக்கு இந்த நூறுதான் முக்கியம். விளம்பரத்தில் எட்டுதான் இருக்கும், ஏனென்றால் நூறு மடங்கு என்பதை எண்ணாக எழுதினால் விநாடிக்கு 25 மெகாபைட் என்று பரிதாபமாக வரும்.

எஸ்எஸ்டிக்கும் ஒரு திண்ணை இருக்கிறது. ஒரு செல்லில் மூன்று பிட் (டிஎல்சி), நான்கு பிட் (க்யூஎல்சி) என்று நெருக்கி எழுதுவது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் ஒரு பகுதியை மட்டும் செல்லுக்கு ஒரே பிட் என்று தாராளமாக வைத்து, வரும் சரக்கை அங்கே இறக்கிவிட்டுப் பிறகு உள்ளே அடுக்குவார்கள். திண்ணை நிரம்பினால் வண்டி வாசலில் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை எல்லாரும் சொல்வதில்லை. சாம்சங் தன் 870 க்யூவிஓ எஸ்எஸ்டிக்குச் சொல்லியிருக்கிறது. கணினிக்குள் பொருத்தும் ரகம், ஆனால் யுஎஸ்பி உறை வாங்கிக் கையடக்கமாக மாற்றிக்கொள்கிறவர்கள் ஏராளம். அதன் 1 டிபி மாடலில் திண்ணை 42 ஜிபி. அதுவரை எழுதும் வேகம் 530. அதற்குப் பிறகு 80. எண்பது விநாடிப் பாய்ச்சலுக்குப் பின் அது புது ஹார்டு டிஸ்க்கின் வெளிவிளிம்பைவிட மெதுவாக ஓடும் ஓர் எஸ்எஸ்டி. குறையையும் தாளில் அச்சிட்ட நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது ஒப்பீட்டுக்காரர்களின் கருவியைப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருள், நாம் எதையும் மாற்றாவிட்டால் 1 ஜிபி கோப்பை எழுதி வாசித்துப் பார்க்கும். 42 ஜிபி திண்ணையை 1 ஜிபி மூட்டையால் சோதித்தால் என்ன தெரியும்? எஸ்எம்ஆர் டிஸ்க்கின் ஒதுக்குப்புறமும் அதில் நிரம்பாது. இரண்டு வகை டிஸ்க்கின் பலவீனத்தையும் ஒரே சமயத்தில் தப்பவிடும் அளவு அது. மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். அளவை 64 ஜிபி வரை ஏற்றும் வசதி அதிலேயே இருக்கிறது. ஏற்றினால் சோதனை நீண்டுகொண்டே போகும், யாருக்குப் பொறுமை?

கேபிளைப் பற்றியும் நாலு வார்த்தை. ஹார்டு டிஸ்க்கின் அகலமான மைக்ரோ-பி ஓட்டையில், பழைய ஆண்ட்ராய்டு போன் சார்ஜர் கேபிளைப் பாதிப் பக்கம் செருகினாலும் டிஸ்க் ஓடும், யுஎஸ்பி 2.0 வேகத்தில். கேபிள் தொலைந்த வீடுகளில் இது சர்வ சாதாரணம். சி வகை கேபிள்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சிலவற்றுக்குள் 2.0 கம்பிகள் மட்டுமே ஓடும். 2023-இல் வந்த ஐபோன் 15 புரோவின் போர்ட் 10 கிகாபிட். பெட்டியோடு வந்த கேபிள் 480 மெகாபிட். போனிலிருந்தே எஸ்எஸ்டியில் நேரடியாக வீடியோ பதிய நினைத்தவர்கள் கேபிளைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. முன்பு சொன்ன டி9-இன் 2,000-மும் 20 கிகாபிட் போர்ட் இருந்தால்தான். மேக் கணினிகள் பலவற்றில் அந்த வகை போர்ட் கிடையாது. அங்கே அது டி7 ஆகிவிடும், விலை மட்டும் டி9.

நான் ஒப்பிடும் விதம் முரட்டுத்தனமானது. டிஸ்க்கை மூன்றில் இரண்டு பங்கு நிரப்புவேன். இடையிடையே சிலவற்றை அழிப்பேன். பிறகு என் வேலையில் உண்மையாகவே புழங்கும் ஒரு 200 ஜிபி மூட்டையை, பெரியதும் பொடியதும் கலந்து, காப்பி போடுவேன். திரையில் ஓடும் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. முதல் சில விநாடிகள் அது காட்டுவது கணினியின் ரேமுக்குள் போன வேகம். 300, 400 என்று ஆசை காட்டிவிட்டு இறங்கும். நூறு சதவீதம் முடிந்தது என்று சொன்ன பிறகும் டிஸ்க்கின் விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். ‘பாதுகாப்பாக நீக்கலாம்’ என்ற செய்தி வரும்வரை கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. 200 ஜிபியை அந்த விநாடிகளால் வகுத்தால் வருவதுதான் எனக்கு வேகம். அரை மணி நேரம் ஓடிய பிறகும் தாங்கும் வேகம்.

இப்படி அளந்தால் ஹார்டு டிஸ்க்குகளுக்குள் பிராண்ட் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா, உலகத்தில் ஹார்டு டிஸ்க் செய்வதே இந்த மூவர்தான். மேலட்டையில் யார் பெயர் இருந்தாலும் உள்ளே இவர்களில் ஒருவர். 2.5 அங்குலத்தில் இவர்களுக்கு ஆர்வமும் குறைந்துவிட்டது. 2016-இல் 5 டிபியைத் தொட்டவர்கள் 6-க்கு வர 2024 ஆனது. வேகத்தைக் கூட்டும் உழைப்பெல்லாம் தரவு மையங்களுக்கான 3.5 அங்குல டிஸ்க்குகளுக்குப் போகிறது. மேசையில் வைத்து, தனி அடாப்டர் செருகி ஓட்டச் சம்மதம் என்றால் அந்த ரகம் கையடக்க டிஸ்க்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகம் தரும். பையில் போட முடியாது, அதுதான் விலை. எஸ்எஸ்டிகளுக்குள் வித்தியாசம் பெரிது, ஆனால் அது பிராண்டை ஒட்டி வருவதில்லை. டிஎல்சியா க்யூஎல்சியா, திண்ணை எத்தனை ஜிபி, சூடானால் எவ்வளவு சுருங்கும் என்பதை ஒட்டி வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால் முழிப்பார். கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் கிடைக்கலாம்.

ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடவும் நான் சொல்ல மாட்டேன். டிபிக்கு இவ்வளவு என்று பார்த்தால் எஸ்எஸ்டி அதன் பக்கத்தில் வர இன்னும் வெகுதூரம் இருக்கிறது. ஒருமுறை எழுதி, எப்போதாவது வாசிக்கும் பழைய கல்யாணங்களுக்கு வேகம் எதற்கு?

தம்பி இப்போது இரண்டும் வைத்திருக்கிறார். மண்டபத்திலேயே, பந்தி நடக்கும்போது, கார்டுகளை 1 டிபி எஸ்எஸ்டியில் இறக்கிவிடுகிறார். எடிட்டும் அதிலேயே. முடிந்த வேலையை மாதம் ஒருமுறை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுகிறார், எடிட்டிங் குப்பையை ஜிப் கட்டி. காப்பி முடிந்ததும் முன்பெல்லாம் உடனே பிடுங்கிப் பைக்குள் போடுவார். இப்போது கேபிளை எடுக்காமல், டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். கணினி அதற்கு எந்த வேலையும் கொடுக்காத நேரத்திலும் உள்ளே தலை நகரும் துடிப்பு கையில் தெரிகிறதாம். “இன்னும் ஓடு வேயுதுண்ணே” என்று போனில் சொல்லிவிட்டு, அது அடங்கும்வரை டீ குடிக்கப் போகிறார்.